ஒரு செயலிக்கு இலவசத் தரவு, மற்றதற்குக் கட்டணம்: நம் நாட்டிலும் இதற்கு ஒரு விதி வேண்டாமா?

பிறை ஆசிரியை

வணக்கம். பினாங்கின் பிறைப் பகுதியில் ஒரு தமிழ்ப்பள்ளியில் இருபது ஆண்டுகளாகக் கற்பித்து வருகிறேன். நெடுநாளாக மனத்தில் கிடக்கும் ஒன்றை எழுதி, விவரம் அறிந்தவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறேன்.

நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில் இல்லிருப்புக் கற்றல் நடந்தபோது, நான்காம் ஆண்டு மாணவர்களுக்காக ஒரு சிறிய இணையதளம் அமைத்தேன். பாடங்களை நானே பேசிப் பதிவு செய்து, பயிற்சித் தாள்களோடு அதில் ஏற்றினேன். வீட்டில் ஒரே ஒரு கைத்தொலைபேசியை மூன்று பிள்ளைகள் பகிர்ந்துகொள்ளும் குடும்பங்கள் என் வகுப்பில் இருந்தன. அதனால் தரவு குறைவாகச் செலவாக வேண்டும் என்பதற்காகவே காணொலியைத் தவிர்த்து ஒலியைத் தேர்ந்தெடுத்தேன். பத்து நிமிடப் பாடம் ஐந்து மெகாபைட்டைத் தாண்டாது.

ஒரு வாரத்திலேயே பெற்றோர் அழைக்கத் தொடங்கினார்கள். "டீச்சர், உங்கள் பக்கத்தைத் திறந்தால் டேட்டா போகிறது. பாடத்தை வீடியோவாக எடுத்து, எங்கள் பிளானில் இலவசமாக வருகிற தளத்தில் போட்டுவிடுங்கள்" என்றார்கள். அவர்கள் வாங்கியிருந்த முன்கட்டணத் திட்டத்தில் பொதுத் தரவு சொற்பம். ஒரு குறிப்பிட்ட காணொலித் தளத்துக்கு மட்டும் கணக்கே கிடையாது. ஆக, ஐந்து மெகாபைட் ஒலிப்பாடம் அவர்களுக்குச் செலவு. அதே பாடம் நூறு மெகாபைட் காணொலியாக வந்தால் செலவில்லை. நானும் காணொலிக்கு மாறினேன். பாடத்துக்கு நடுவே விளம்பரம் வந்தது. பாடம் முடிந்ததும் அடுத்தடுத்துத் தாமாக ஓடிய படங்களில் பிள்ளைகள் தங்கிவிட்டார்கள். என் தளத்துக்கு வருகிறவர் குறைந்து, அடுத்த ஆண்டு அதை மூடினேன்.

மூடுவதற்கு முன் அந்தத் தொலைத்தொடர்பு நிறுவனத்தை அழைத்து, என் தளத்தையும் இலவசப் பட்டியலில் சேர்க்க என்ன செய்ய வேண்டும் என்று கேட்டேன். அது வணிக ஒப்பந்தத்தின்படி அமைந்த பட்டியல் என்றும், தனிநபர் விண்ணப்பிக்க வழியில்லை என்றும் பதில் வந்தது. மரியாதையாகத்தான் சொன்னார்கள்.

எந்தப் பாடம் மலிவானது, எந்தப் பாடம் விலையுள்ளது என்பதை ஆசிரியரோ பெற்றோரோ முடிவு செய்யாமல், நடுவில் கம்பி இழுத்தவர் முடிவு செய்வது சரியா? இந்தியாவில் இதை 2016-இல் தடை செய்தார்கள் என்று படித்திருக்கிறேன். நம் நாட்டில் அப்படி ஏதும் உண்டா?

செந்தூல் பொறியாளர்

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். தொலைத்தொடர்புத் துறையில் முப்பது ஆண்டு வேலை செய்து ஓய்வு பெற்றவன் நான். சட்டத்தைப் பற்றி வேறு யாராவது சொல்லட்டும்; இந்தக் கணக்கு எப்படி எழுதப்படுகிறது என்பதை மட்டும் விளக்குகிறேன், ஏனென்றால் விவாதத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது.

உங்கள் கைத்தொலைபேசியிலிருந்து புறப்படும் ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் நிறுவனத்தின் நுழைவாயில் கருவியைக் கடந்துதான் வெளி இணையத்துக்குப் போகிறது. அந்தக் கருவி எடைபோடும் தராசு போன்றது. எத்தனை பைட் என்று எண்ணி உங்கள் கணக்கில் கழிக்கிறது. தளத்துக்குத் தளம் விலை மாறும் பாகுபாட்டுக் கட்டணம் வேண்டுமென்றால், தராசு எடையைப் பார்ப்பதோடு நிற்காமல் பொட்டலத்தின் முகவரியையும் படிக்க வேண்டும். இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கம் செய்யப்பட்டவை என்பதால் உள்ளே என்ன இருக்கிறது என்று கருவிக்குத் தெரியாது. ஆனால் இணைப்புத் தொடங்கும் நொடியில் எந்தத் தளத்தோடு பேசப்போகிறோம் என்ற பெயர் பெரும்பாலும் வெளிப்படையாகவே செல்கிறது, தளத்தைத் தாங்கும் கணினியான வழங்கியின் ஐ.பி. முகவரியும் தெரிகிறது. இந்தப் பெயரும் முகவரியும் பட்டியலில் இருந்தால் கழிக்காதே, இல்லையென்றால் கழி என்பதுதான் விதி.

ஆகவே பட்டியல் இல்லாமல் இலவசம் இல்லை. பட்டியல் என்றால் அதைப் பராமரிக்க ஆள் வேண்டும். பெருநிறுவனத்துக்கு ஆயிரக்கணக்கான முகவரிகள் உண்டு. அவை மாறும்போதெல்லாம் தொலைத்தொடர்பு நிறுவனத்துக்குத் தெரிவிக்க அவர்களிடம் தனிக் குழுவே இருக்கும். ஆசிரியையின் தளமோ, வாடகை வழங்கி ஒன்றில் நூற்றுக்கணக்கான வேறு தளங்களோடு ஒரே முகவரியைப் பகிர்ந்துகொண்டிருந்திருக்கும். அந்த முகவரியை இலவசமாக்கினால் பக்கத்துத் தளங்களும் சேர்ந்து இலவசமாகிவிடும். எனவே நிறுவனம் நல்ல மனத்தோடு இருந்தாலும் சிறியவர்கள் பட்டியலுக்குள் நுழைவது கடினம். இந்த ஏற்பாட்டின் அமைப்பே பெரியவர்கள் பக்கம் சாய்ந்தது.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். தளத்தை முடக்குவது ஒன்று. வேகத்தைக் குறைப்பது ஒன்று. விலையை மாற்றுவது ஒன்று. நாம் இங்கே பேசுவது மூன்றாவதை. அதிலும் எல்லா விலை வேறுபாடும் தவறில்லை. பத்து ஜிகாபைட் வாங்குகிறவருக்கு ஜிகாபைட் விலை குறைவாக இருக்கலாம். வேகத்துக்கு ஏற்ப விலை மாறலாம். நெரிசல் இல்லாத பின்னிரவில் தரவு மலிவாகக் கிடைக்கலாம். இவற்றுக்கெல்லாம் வலையமைப்பில் உண்மையான செலவுக் காரணம் உண்டு. ஒரே நேரத்தில், ஒரே கோபுரத்திலிருந்து, ஒரே வேகத்தில் இறங்கும் இரண்டு மெகாபைட்டுகளுக்கு, புறப்பட்ட இடம் வேறு என்பதால் இரண்டு விலை வைக்கும்போதுதான் கேள்வி எழுகிறது.

நடமாட்டக் கட்டுப்பாட்டின்போது, 2020 ஏப்ரல் 1 முதல், காலை 8 மணியிலிருந்து மாலை 6 மணி வரை, நாளுக்கு 1 ஜிகாபைட் இலவசமாகக் கிடைத்தது பலருக்கு நினைவிருக்கும். முதலில் அது எந்தத் தளத்துக்கும் பயன்பட்டது. ஜூன் நடுப்பகுதிக்குப் பிறகு கல்வி, அலுவல், காணொலிச் சந்திப்புச் செயலிகளுக்கு என்று வரையறுக்கப்பட்டது. இரண்டும் உதவிதான், ஆனாலும் முதலாவது நடுநிலையானது. இரண்டாவதற்குப் பட்டியல் தேவைப்பட்டது. முதலாவதைப் போல எல்லாத் தளங்களையும் ஒன்றாக நடத்த வேண்டும் என்பதுதான் நெட் நியூட்ராலிட்டி என்று சொல்லப்படும் இணையச் சமநிலை. டிம் வூ என்ற சட்டப் பேராசிரியர் 2003-இல் எழுதிய கட்டுரையால் பரவிய சொல் அது.

பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர்

ஆசிரியை அம்மாவின் வருத்தம் நியாயமானது. ஆனாலும் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. நான் அந்தப் பக்கத்தில் நின்று வியாபாரம் செய்கிறவன்.

என் கடைக்கு வருகிறவர்களில் பலர் துப்புரவுப் பணியாளர்கள், பாதுகாவலர்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்து உணவகங்களில் வேலை செய்யும் தம்பிமார்கள். மாதத்துக்கு ஒருமுறை பெருந்தொகை கட்டி இணைப்பு வாங்க அவர்களால் முடியாது. வாரத்துக்கு வாரம் டாப்-அப் செய்கிறார்கள். அவர்கள் கேட்பதெல்லாம் ஊரிலுள்ள மனைவி மக்களோடு பேச வாட்ஸ்அப், இரவில் பார்க்க ஒரு படம். அந்த இரண்டும் கணக்கில்லாமல் கிடைக்கும் திட்டத்தை எடுத்துக் கொடுத்தால் மனநிறைவோடு போகிறார்கள். எல்லாத் தளத்துக்கும் சமம் என்று விதி போட்டு இந்தத் திட்டங்களை எடுத்துவிட்டால், அவர்கள் கையில் மிஞ்சுவது என்ன? கொள்கை பேசுகிற நாம் வீட்டில் ஃபைபர் வைத்திருக்கிறோம்.

மேலும், இலவசப் பட்டியல் எல்லாம் வணிகப் பேராசை என்றும் சொல்ல முடியாது. விக்கிப்பீடியாவைத் தரவுக் கட்டணமின்றித் தரும் விக்கிப்பீடியா ஜீரோ 2012-இல் தொடங்கியபோது, அந்த ஆண்டிலேயே நம் நாட்டில் டிஜி வழியாகக் கிடைத்தது. அதுவும் பாகுபாடுதானா? பினாங்குப் பாலத்தில் 2019 ஜனவரி முதல் மோட்டார் சைக்கிளுக்குச் சாலைக் கட்டணம் இல்லை, காருக்கு உண்டு. அதை யாரும் அநீதி என்று சொல்லவில்லையே. எளியவருக்குச் சலுகை கொடுப்பதைச் சமநிலையின் பெயரால் தடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சட்டம் படித்தவள்

கோலாலம்பூரில் வழக்கறிஞராக இருக்கிறேன். ஆசிரியை அக்காவின் கேள்வி நேரடியானது என்பதால் நேரடியாகவே தொடங்குகிறேன்: உள்ளடக்கத்தைப் பார்த்துத் தரவு விலையை மாற்றக் கூடாது என்று வெளிப்படையாகச் சொல்லும் விதி மலேசியாவில் இல்லை.

ஆனால் அந்த விதி முளைக்கக்கூடிய விதை நம் சட்டத்திலேயே இருக்கிறது. 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 197-ஆம் பிரிவு, சேவை வழங்குநர் சந்தை நிலவரப்படி விலை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. அதற்கு அடுத்த 198-ஆம் பிரிவு அந்த உரிமைக்கு வரம்பு கட்டுகிறது. கட்டணம் நியாயமாக இருக்க வேண்டும். ஒத்த நிலையில் உள்ளவர்களுக்கிடையே காரணமின்றிப் பாகுபாடு காட்டக் கூடாது. செலவை ஒட்டி அமைய வேண்டும். மற்ற வழங்குநர்களின் போட்டி வாய்ப்பைக் காரணமின்றிக் கெடுக்கும் தள்ளுபடிகள் அதில் இருக்கக் கூடாது. போட்டியைக் கணிசமாகக் குறைக்கும் நோக்கமுள்ள நடத்தையை 133-ஆம் பிரிவு தனியாகத் தடுக்கிறது. இந்தக் கொள்கைகளைப் படித்தால் பொறியாளர் ஐயா சொன்ன இரண்டு மெகாபைட்டுகளின் கதைதான் நினைவுக்கு வருகிறது. குறை என்னவென்றால், 'மற்ற வழங்குநர்' என்ற சொல் தன் செலவில் இணையதளம் நடத்தும் ஓர் ஆசிரியையையும் காக்கும் என்று சட்டம் வெளிப்படையாகச் சொல்லவில்லை. 'காரணமின்றி' என்ற சொல்லும் ஒவ்வொரு முறையும் வாதத்துக்கு இடம் தருகிறது.

இந்தியாவில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைக்காரர் அண்ணன் எழுப்பிய வாதம் அங்கே இன்னும் பெரிய குரலில் எழுந்தது. 2015 பிப்ரவரியில் ஃபேஸ்புக் நிறுவனம், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் வழியாகச் சில தளங்களை மட்டும் கட்டணமின்றித் தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது. முதலில் தொடங்கிய வட்டாரங்களில் தமிழ்நாடும் ஒன்று. அதே ஆண்டு அதன் பெயர் ஃப்ரீ பேசிக்ஸ் என்று மாறியது. ஏப்ரலில் ஏர்டெல் ஜீரோ வந்தது. செயலி நிறுவனங்கள் பணம் கட்டினால் பயனாளருக்குத் தரவு இலவசம் என்பது அதன் ஏற்பாடு. மக்களிடமிருந்து எதிர்ப்பு வலுத்து, ஃபிளிப்கார்ட் அதிலிருந்து விலகியது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்னஞ்சல்கள் குவிந்தன. டிசம்பரில் பாகுபாட்டுக் கட்டணம் குறித்துத் தனியாக ஒரு கலந்தாய்வு அறிக்கையை வெளியிட்ட டிராய், 2016 பிப்ரவரி 8 அன்று விதியைப் பிறப்பித்தது. உள்ளடக்கத்தின் அடிப்படையில் தரவுச் சேவைக்கு வேறுபட்ட கட்டணம் வாங்கக் கூடாது என்பதே அதன் சாரம். மீறினால் நாளுக்கு 50,000 ரூபாய், அதிகபட்சம் 50 லட்சம் ரூபாய் தண்டம். ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவை விட்டுப் போனது.

என்னைக் கவர்ந்தது டிராய் சொன்ன காரணம். அப்போது நாட்டில் பெரும்பாலோர் இணையத்துக்கு வந்திருக்கவே இல்லை. இந்நிலையில் எது மலிவு எது விலை என்று நிர்ணயிக்கும் அதிகாரத்தைச் சேவை நிறுவனங்களிடம் விட்டால், அந்த மக்களின் இணைய அனுபவத்தையே அவர்கள் வடிவமைத்துவிடுவார்கள் என்று அது கருதியது. அதாவது, ஏழைகளைச் சுட்டிக்காட்டி எழுப்பப்பட்ட வாதத்துக்கு ஏழைகளின் பக்கம் நின்றே பதில் சொன்னது. ஒவ்வொரு திட்டமாக வழக்குப் பார்த்துத் தீர்க்கலாம் என்ற யோசனையையும் ஏற்கவில்லை. அப்படி வைத்தால் வழக்காடும் வசதி பெரியவர்களுக்கே உண்டு.

விதிவிலக்கும் வைத்தார்கள். அவசரச் சேவைக்கும், பெரும் பொது நெருக்கடியின்போதும் கட்டணத்தைக் குறைக்கலாம். ஏழு வேலை நாளுக்குள் ஆணையத்துக்குத் தெரிவித்தால் போதும். பெருந்தொற்றுக் கால உதவி போன்றவற்றுக்கு இத்தகைய விலக்கில் இடம் கிடைக்கும். எனவே விதி வந்தால் நெருக்கடியில் உதவ முடியாது என்ற அச்சம் தேவையில்லை.

பிறை ஆசிரியை

விரிவான விளக்கத்துக்கு நன்றி. கடைக்காரர் அண்ணனின் பால உதாரணத்தை இரண்டு நாளாக யோசித்தேன், ஏனென்றால் அந்தப் பாலத்தை வாரம் இருமுறை கடக்கிறவள் நான்.

மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை என்பது உண்மை. ஆனால் அதை ஓட்டுகிறவர் கொம்தாருக்குப் போனாலும், லிட்டில் இந்தியாவுக்குப் போனாலும், தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போனாலும் கட்டணம் இல்லை. இன்ன பேரங்காடிக்குப் போகிறவருக்கு மட்டும் இலவசம், சந்தைக்குப் போகிறவர் கட்ட வேண்டும் என்று பாலத்துக்காரர் சொன்னால், சந்தையில் கீரை விற்கும் அம்மாவின் நிலை என்ன? சலுகை பயணிக்குக் கிடைத்தது போலத் தோன்றும். ஆனால் பயணி எங்கே போக வேண்டும் என்பது அதற்குள் முடிவாகிவிட்டிருக்கும்.

தைப்பூசத்தில் நம்மவர் போடும் தண்ணீர்ப் பந்தலையும் நினைத்துப் பார்த்தேன். யாரும் வந்து குடிக்கலாம். பந்தல்காரர் சாலைக்குச் சொந்தக்காரர் இல்லை. அடுத்த பந்தலுக்குப் போகிறவரிடம் அவர் வழிக்கட்டணம் வாங்குவதில்லை. தானம் செய்கிறவரும் சாலையை வைத்திருப்பவரும் ஒருவரே ஆகும்போதுதான் அதன் தன்மை மாறுகிறது.

விக்கிப்பீடியாவைப் பற்றி எனக்கு உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. அது இலவசமாகக் கிடைத்தபோது என் மாணவர்கள் தமிழ் விக்கிப்பீடியாவைப் படித்தார்கள் என்றால் எனக்கு மகிழ்ச்சியே.

பாயான் லெப்பாஸ் நிரலாளன்

அக்கா விட்ட இடத்திலிருந்து தொடர்கிறேன். விக்கிப்பீடியா நல்லது என்பதால்தான் அந்த உதாரணம் கடினமாக இருக்கிறது. ஆனால் கட்டுரையின் அடியில் உள்ள மேற்கோள் இணைப்பை மாணவர் அழுத்தினால், அவர் போகும் இடம் இலவசப் பட்டியலுக்கு வெளியே இருக்கும். ஒரு செய்தியைச் சரிபார்க்க வேண்டுமென்றால் காசு. அதை அப்படியே நம்பினால் காசில்லை. அறிவைத் தேடும் பழக்கத்துக்கு இது நல்லதா என்று நான் எனக்குள் கேட்டுக்கொண்டதுண்டு. அந்தத் திட்டமே 2018-இல் முடிவுக்கு வந்துவிட்டது.

என் சொந்த அனுபவம் ஒன்று. நண்பர்கள் மூவர் சேர்ந்து, வயதானவர்கள் சொல்லும் தோட்டப்புறக் கதைகளைப் பதிவு செய்து கேட்கத் தரும் தமிழ்ச் செயலி ஒன்றை உருவாக்கினோம். பினாங்கு, கெடா, பேரா தோட்டங்களில் வாழ்ந்த பாட்டிமார்களின் குரல்கள் அவை. கேட்டவர்கள் விரும்பினார்கள். ஆனால் பிரயாணத்தில் யாரும் கேட்கவில்லை. வீட்டு வை-ஃபைக்கு வந்த பிறகுதான் கேட்டார்கள். காரணம் கேட்டால், வழியில் பாட்டுச் செயலி கணக்கில்லாமல் வருகிறது, உங்களுடையது டேட்டாவைத் தின்கிறது என்றார்கள். எங்கள் செயலி மணிக்கு முப்பது மெகாபைட்டுக்குக் குறைவாகவே எடுக்கும். சுவையில் தோற்றிருந்தால் ஏற்றுக்கொண்டிருப்போம்.

2016-ஐ ஒட்டி நம் நாட்டில் யூ மொபைல் மியூசிக்-ஆன்ஸ், வீடியோ-ஆன்ஸ் என்ற பெயர்களில் பாட்டுக்கும் காணொலிக்கும் கணக்கில்லாத் தரவு தந்தது. மற்ற நிறுவனங்களும் தத்தம் வழியில் அதுபோன்ற சலுகைகளைக் கொடுத்தன. வாடிக்கையாளராக நானும் அவற்றை அனுபவித்தேன், மறைக்கவில்லை. ஆனால் ஒரு சந்தையில் புதிதாகக் கடை போட வருகிறவனின் கண்ணுக்கு அது வேறு மாதிரித் தெரிகிறது.

மற்ற நாடுகளும் இந்த இடத்தில் தயங்கித் தயங்கியே முடிவுக்கு வந்தன. கனடாவில் வீடியோட்ரான் நிறுவனம் சில பாட்டுச் சேவைகளை மட்டும் கணக்கிலிருந்து விலக்கியதை 2017 ஏப்ரலில் அங்குள்ள ஒழுங்குமுறை ஆணையம் முறையற்ற சலுகை என்று தீர்ப்பளித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2015-இலேயே ஒழுங்குவிதி வந்துவிட்டது. ஆனாலும் இலவசத் தரவுத் திட்டங்கள் பல ஆண்டுகள் தொடர்ந்தன. 2021 செப்டம்பர் 2 அன்றுதான், ஜெர்மனியின் டெலிகாம், வோடஃபோன் திட்டங்கள் பற்றிய வழக்குகளில், அத்தகைய ஏற்பாடு சமநடத்தைக் கடமைக்கு முரணானது என்று ஐரோப்பிய நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. விதி தெளிவாக இல்லாததால் ஆறு ஆண்டுகள் போயின. அந்த ஆறு ஆண்டில் எங்களைப் போன்ற எத்தனை பேர் செயலியை மூடியிருப்பார்கள் என்று யார் கணக்கெடுத்தார்கள்?

ஜார்ஜ்டவுன் வாசகர்

அமெரிக்காவைப் பார்த்தால் விதி நிலைப்பதே அரிது போலிருக்கிறது. 2015-இல் இணையச் சமநிலை விதி போட்டார்கள், 2017-இல் நீக்கினார்கள், 2024-இல் மீண்டும் கொண்டுவந்தார்கள், 2025 ஜனவரி 2 அன்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. நம் தொடர்பு, பல்லூடக ஆணையம் இதில் கைவைத்தால் இங்கும் அதே அலைச்சல்தான் வரும். போட்டி இருந்தால் விலை தானாகக் குறையும் என்று விட்டுவிடுவது மேல் அல்லவா?

சட்டம் படித்தவள்

வாசகர் ஐயாவுக்கு: அமெரிக்காவின் அலைச்சலுக்குக் காரணம், இணையச் சேவையைச் சட்டத்தின் எந்த வகைக்குள் வைப்பது என்ற சிக்கல். நாடாளுமன்றம் அதைத் தீர்க்காமல் விட்டது; ஆணையமும் நீதிமன்றமும் இழுத்துக்கொண்டிருந்தன. நம் சட்டம் வலையமைப்பு வசதி, வலையமைப்புச் சேவை, செயலிச் சேவை, உள்ளடக்கச் செயலிச் சேவை என்று தொடக்கத்திலேயே பிரித்து உரிமம் வழங்குகிறது. 198-ஆம் பிரிவின் கட்டணக் கொள்கைகளும் ஏற்கெனவே இருக்கின்றன. நமக்குத் தேவை அந்தக் கொள்கையைத் தரவுக்குப் பொருத்திச் சொல்லும் ஒரு தெளிவான விதிதான்.

போட்டி விலையைக் குறைக்கும் என்பதை மறுக்கவில்லை. இந்தியாவிலேயே டிராய் விதி வந்த ஏழாம் மாதம், 2016 செப்டம்பரில், ஜியோ சந்தைக்கு வந்து தரவு விலை சரிந்தது. அந்தச் சரிவுக்குப் போட்டிதான் காரணம். விதி காரணம் என்று சொன்னால் அது மிகை. ஆனால் இலவசப் பட்டியல் இல்லாவிட்டால் ஏழைகள் இணையத்துக்கே வரமாட்டார்கள் என்று சொல்லப்பட்ட அச்சம் அங்கே உண்மையாகவில்லை. எல்லா இடத்துக்கும் போகக்கூடிய தரவு மலிவானபோது அவர்கள் வந்தார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர்

படித்தேன். பாலத்தைப் பற்றி ஆசிரியை அம்மா சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அந்த உதாரணம் என் பக்கம் நிற்கவில்லை.

ஆனால் என் வாடிக்கையாளர்களைப் பற்றிய கேள்வி இன்னும் நிற்கிறது. குறிப்பிட்ட ஒரு செயலியை இலவசமாக்குவது தவறென்றால், ஒரு வகை முழுவதையும் இலவசமாக்கலாமே. எல்லா அரட்டைச் செயலிகளும், எல்லாக் கல்வித் தளங்களும் என்று வைத்தால் தம்பியின் செயலியும் உள்ளே வரும், அம்மாவின் தளமும் உள்ளே வரும்.

செந்தூல் பொறியாளர்

கடைக்காரர் சொல்வது நேர்மையான நடுவழி. நானும் பணியிலிருந்த காலத்தில் அப்படியே நினைத்தேன். ஆனால் நுழைவாயில் கருவிக்குக் கல்வி என்றால் என்னவென்று தெரியாது. யாராவது ஒருவர் உட்கார்ந்து, இது கல்வி, இது பொழுதுபோக்கு என்று பிரித்துக் கொடுக்க வேண்டும். தேவாரப் பண்களைப் பாடிக் காட்டும் தளம் பாட்டா, சமயமா, கல்வியா? தம்பியின் பாட்டிக் கதைகள் வரலாற்றுப் பாடமா, கேளிக்கையா? அதைத் தீர்மானிக்கும் மேசையில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவர் இருப்பார் என்று எதை நம்பிச் சொல்வது? சிறுபான்மை மொழியில் இயங்குகிறவர்களுக்கு வகைப்பட்டியல் எப்போதும் பின்வாசலாகவே இருக்கும்; பட்டியலே இல்லாத ஏற்பாடுதான் அவர்களுக்கு முன்வாசல். இந்த இழையில் நான் எதையாவது அழுத்திச் சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

உங்கள் வாடிக்கையாளர்களுக்கு வழி உண்டு. கணக்கில்லாத் தரவைக் கொடுக்கும் ஒரு நிறுவனத்திடம் வலையமைப்புக் கொள்ளளவு இருக்கிறது என்றுதானே பொருள்? காணொலிக்கு ஒதுக்கிய அந்தக் கொள்ளளவைப் பொதுத் தரவாகக் கொடுக்கட்டும். குறைந்த வேகத்தில், எல்லாத் தளத்துக்கும், வாரம் முழுதும் அறாத இணைப்பு என்று ஒரு மலிவுத் திட்டம் வைக்கலாம். குரல் அழைப்புக்கும் செய்திக்கும் அந்த வேகம் போதும். பொறியியலில் தடை ஏதுமில்லை.

இன்னொரு வழியும் இருக்கிறது. உரிமம் பெற்ற நிறுவனங்கள் தங்கள் எடையிட்ட நிகர வருமானத்தில் 6 விழுக்காட்டைப் பொதுச் சேவை நிதிக்குக் கட்டுகின்றன. வசதியற்றவர்களுக்கும் தொலைவிடங்களுக்கும் தொடர்பு கிடைக்க வேண்டும் என்பதற்காகவே அமைந்த நிதி அது. ஏழைக்குத் தரவு கொடுக்க வேண்டுமென்றால் அந்த வழியில், அவர் விருப்பம்போல் செலவிடக்கூடிய ஜிகாபைட்டாகக் கொடுக்கலாம். விலையைக் குறைக்கும் வல்லமையும் நம் ஆணையத்துக்கு இல்லாமல் இல்லை. 2018-இல், ஒரு நிறுவனத்தின் வலையமைப்பைப் பயன்படுத்த மற்ற நிறுவனம் கட்டும் அணுகல் விலைக்கு உச்சவரம்பு வைத்தபோது வீட்டு அகன்ற அலைவரிசைக் கட்டணம் இறங்கியதை எல்லாரும் கண்டோம்.

பாயான் லெப்பாஸ் நிரலாளன்

அப்படியானால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்துக்கும், தொடர்பு, பல்லூடக ஆணையத்துக்கும் நாம் ஒரு கடிதம் எழுதலாமே. பெரிய அறிக்கை வேண்டாம். ஒரு பக்கம் போதும்.

சட்டம் படித்தவள்

எழுதலாம். கடிதத்தின் நடுப்பகுதிக்கு என் வரைவு இது, திருத்தம் சொல்லுங்கள்.

"தரவுச் சேவை வழங்குகிற உரிமதாரர், ஒரே அளவும் ஒரே வேகமும் ஒரே நேரமும் கொண்ட தரவுக்கு, அது எந்தத் தளத்திலிருந்து வந்தது, எந்தச் செயலி வழியாகச் சென்றது என்பதைக் காரணமாகக் கொண்டு வேறுபட்ட கட்டணம் விதிக்கலாகாது. அவசரச் சேவைகளுக்கும் பொது நெருக்கடிக் காலத்துக்கும் ஆணையத்துக்கு அறிவித்துக் கட்டணத்தைக் குறைக்கலாம். தரவின் அளவு, வேகம், நேரம் ஆகியவற்றின்படி கட்டணம் மாறுவதை இவ்விதி தடுக்காது."

198-ஆம் பிரிவின் கொள்கைகளை இதற்கு அடித்தளமாகக் காட்டுவோம். தன் வலையமைப்புக்குள்ளேயே இயங்கும் உள்ளகச் சேவை என்று பெயர் சூட்டி விதியைத் தாண்டுவதற்கு இடம் கொடுக்கக் கூடாது என்பதையும் சேர்க்க வேண்டும். இந்திய விதியிலும் அந்த எச்சரிக்கை இருக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ் கடைக்காரர்

என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் இரண்டு திருத்தங்களோடு. ஏற்கெனவே பணம் கட்டியவர்களின் திட்டத்தை நடுவில் வெட்டக் கூடாது. இந்தியாவில் ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள் என்று படித்தேன், இங்கும் அப்படிக் கேளுங்கள். பொறியாளர் ஐயா சொன்ன மெதுவேக மலிவுத் திட்டத்தைக் கோரிக்கையாகவே எழுதுங்கள். எடுத்துக்கொள்வதை மட்டும் சொல்லி, கொடுப்பதைச் சொல்லாமல் விட்டால் என் வாடிக்கையாளர்களின் முகத்தில் என்னால் விழிக்க முடியாது.

சட்டம் படித்தவள்

இரண்டையும் சேர்க்கிறேன், அண்ணா. இரண்டாவது கோரிக்கையைக் கடிதத்தின் முதல் பத்தியிலேயே வைக்கிறேன்.

பிறை ஆசிரியை

பழைய மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். ஆறு ஒலிப்பாடங்கள் அப்படியே இருக்கின்றன. அதே பாடங்களின் காணொலி வடிவமும் இருக்கிறது. ஒவ்வொன்றின் அளவையும் மெகாபைட்டில் குறித்து, ஒரு பெற்றோரின் திட்டத்தில் எதற்குக் காசு போனது, எதற்குப் போகவில்லை என்பதை எதிரெதிரே எழுதி ஓர் அட்டவணையாகத் தருகிறேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கணக்கு மட்டும் போதும். ஞாயிற்றுக்கிழமைக்குள் அனுப்பிவிடுகிறேன், கடிதத்தோடு இணைத்துக்கொள்ளுங்கள்.